உரசாத ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரருக்கு இடிபட்ட வண்டிகளைப் பார்ப்பதுதான் வேலை. காப்பீட்டு நிறுவனம் அனுப்பி வைக்கும். இவர் போய், நொறுங்கிக் கிடக்கும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "இந்த நசுங்கல் பழசு", "இந்தத் துரு ஏற்கெனவே இருந்திருக்கு" என்று சொல்லி, வண்டிக்காரருக்குக் கிடைக்க வேண்டியதில் எவ்வளவு கொறிக்க முடியுமோ அவ்வளவு கொறித்துவிட்டு வருவார். நிறுவனத்தில் நல்ல பெயர். எல்லோரும் 'மதிப்பீட்டாளர்' என்று கூப்பிடுகிறார்கள். அதை ஏதோ பட்டம் மாதிரி தோளில் போட்டுக்கொண்டு திரிகிறார்.

அலுவலகத்தோடு விட்டிருந்தால் எனக்கென்ன? வீட்டுக்குள்ளும் அதே கண். மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுத்தபோது, வேறெந்த அப்பனுக்கும் வராத வார்த்தை இவர் வாயில் வந்தது. "மூக்குதான் கொஞ்சம்..." என்று இழுத்தார். நான் தையல் போட்ட உடம்போடு படுத்திருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்திருக்கும். சாப்பாட்டில் உப்பு, சட்டையில் இஸ்திரி, என் தங்கை கட்டிய வீட்டின் மாடிப்படி என்று எதைக் காட்டினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு குறையைத் தேடி எடுத்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். தேடியும் கிடைக்காவிட்டால் "பரவாயில்ல" என்பார். அதற்கு மேல் பாராட்டத் தெரியாது.

நான் பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல்லை வார்த்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். நாள் முழுக்கச் சின்ன மோட்டார் ஒன்று காதுக்குள் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் எனக்கு வேண்டியது அமைதி. பாட்டுப் பெட்டி பற்றி நான் நினைத்ததுகூட இல்லை.

என் கொழுந்தனார், அதாவது இவருடைய தம்பி, புதிதாக ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கினார். குடும்பமே போய் உட்கார்ந்து கேட்டோம். கொழுந்தனார் பாவம், அண்ணன் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பேஸ் கொஞ்சம் வழியுதுடா" என்றார். பேஸ் என்கிற அடி ஒலி எப்படி வழியும் என்று கேட்கலாம்தான். கேட்டால் விளக்குவார். அதற்குப் பயந்து எல்லோரும் காபியைக் குடித்தோம்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். தம்பி வாங்கியதைவிட நல்லதாக, தம்பி கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியாக வேண்டும். புதிது வாங்குகிறவன் முட்டாள், பழையதுதான் வாங்க வேண்டும். சாப்பிடும்போதும் ஃபோனை டம்ளரில் சாய்த்து வைத்து, தாடி வைத்த யாரோ ஒருவன் ஸ்பீக்கரை முத்தம் கொடுக்காத குறையாகத் தடவுகிற வீடியோக்களைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கடைசியில் இரண்டு செட்டுகளில் வந்து நின்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே கறுப்பு. இரண்டு சின்ன ஸ்பீக்கர், கூடவே தரையில் வைக்கிற ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெட்டிதான் சப்வூஃபராம், கனமான ஒலியெல்லாம் அதில்தான் வருமாம். ஒரு செட்டின் பெயருக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அந்த ஓர் எழுத்துலதான் எல்லாமே இருக்கு" என்றார். "பழைய மாடல்ல ஸ்பீக்கர் ஓரத்துல ஸ்பாஞ்ச். கொஞ்ச வருஷத்துல உதிர்ந்து போயிடும். புதுசுல ரப்பர். பழைய சப்வூஃபர்ல முன்னாடி ஓட்டை இருக்கும், சும்மா உறுமும். புதுசு மூடின பெட்டி, அளவாப் பேசும்."

"அப்ப புதுசையே வாங்கிடுங்க."

"பாக்காம எப்படி வாங்குறது?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல. "ரெண்டையும் பாக்கணும். நீயும் வா. ஒருத்தர் ஒயரை மாத்தணும், ஒருத்தர் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வீட்டுக்குப் போனோம். பழைய மாடல். வீட்டுக்காரர் கல்யாண போட்டோ எடுக்கிறவர். கூடம் முழுக்க அவர் எடுத்த மாப்பிள்ளை, பெண் படங்கள், எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு. அவற்றில் இரண்டு வாய்களில் இருந்தது கட்டிய பல் என்று பார்த்ததுமே தெரிந்தது. போட்டோகிராபர் நாங்கள் உட்காருவதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார். சப்வூஃபரைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தார் போல. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. பாடியது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

"எப்படி சார்? நெஞ்சுலயே அடிக்குதுல்ல?" என்று கத்தினார்.

நெஞ்சில் அடிப்பதற்குப் பணம் கொடுக்கிற ஜாதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இவர் எழுந்து போனார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார். முன்பக்கத்துத் துணி மூடியைக் கழற்றி, ஸ்பீக்கரின் ஓரத்தில் வெளிச்சம் அடித்தார். ஸ்பாஞ்ச் உதிர்ந்து, யாரோ கோந்து போட்டு ஒட்டியிருந்தார்கள். இவர் முகத்தில் ஒரு மலர்ச்சி! பின்னால் திருப்பிப் பார்த்தார். இரண்டு ஸ்பீக்கரின் வரிசை எண்ணும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து ஜோடி சேர்த்தது. இன்னும் மலர்ந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லி சப்வூஃபரில் காதை வைத்தார். சும்மா இருக்கும்போதே ரீங்காரம் கேட்டது. ஸ்பீக்கரின் நடுக் கூம்பை அமுக்கி, உள்ளே கம்பிச்சுருள் உரசுவதை என்னையும் கேட்க வைத்தார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"ஒட்டுப்போட்டிருக்கீங்க. ஜோடி வேற மாறியிருக்கு. பெட்டி இரையுது. உள்ள உரசுது" என்று ஒவ்வொன்றாக, ருசித்து ருசித்துச் சொன்னார்.

போட்டோகிராபர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அசடு வழிந்தார். இருவரில் யார் மேல் அதிக வெறுப்பு என்று எனக்கே தெரியவில்லை. ஒருவர் குப்பையைத் துடைத்து வைத்து விற்கிறார். இன்னொருவர் குப்பையில் குப்பை இருப்பதைக் கண்டுபிடித்ததற்காகப் பூரித்துப் போகிறார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பினார். காரில் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது வீடு ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளம். லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் மருந்துக் கடை வைத்திருப்பவர், வழுக்கைத் தலை, மெல்லிய குரல். உள்ளே போனதும் நான் கவனித்தது ஸ்பீக்கரை அல்ல. அந்த வீட்டில் எல்லாப் பொருளிலும் ஒரு வட்டமான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சோபாவில் மஞ்சள். சுவர்க் கடிகாரத்தில் நீலம். ஃபிரிட்ஜில் மஞ்சள். சாப்பாட்டு மேஜையில் நீலம், நாற்காலிகளில் பாதி அது, பாதி இது. ஜன்னல் திரைகூடத் தப்பவில்லை.

"வீடு மாத்துறீங்களா?" என்று கேட்டேன்.

"பிரியுறோம்" என்றார் மருந்துக் கடைக்காரர், மாத்திரை வேளை சொல்வது போல. "நீலம் என்னோடது."

உள் அறையிலிருந்து அவருடைய மனைவி வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றார். வக்கீல் என்று பிறகு தெரிந்தது. பார்த்ததும் தெரிய வேண்டிய முகம்தான். "சப்வூஃபர் மஞ்சள். அது விக்கிறதுக்கு இல்ல. அதை அவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார் என்னிடம், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே.

"அது இல்லாம இந்த ரெண்டை வச்சு என்ன பண்றதாம்? அதையும் கேளுங்க" என்றார் கணவர், அவரும் என்னிடமே.

"நான் அது மேல பூந்தொட்டி வைக்கப் போறேன்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். படித்த மனிதர்கள். கடிகாரத்துக்கும் திரைச்சீலைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு, வந்தவளைத் தபால்காரியாக்கிப் பேசுகிறார்கள். இந்த லட்சணத்தில் ஊருக்கு மருந்தும் நியாயமும் இவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

"இப்ப கேக்கறதுக்காவது மூணையும் போடலாமா?" என்று இவர் கேட்டார். வக்கீலம்மா தோளைக் குலுக்கினார்.

மருந்துக் கடைக்காரர் மெத்தென்ற துணியால் ஸ்பீக்கரின் தலையைத் துடைத்தார். தொட்டில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு விரல் அளவு உள்பக்கம் திருப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பாட்டைப் போட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பெண் பாடினாள். பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுத்தாள், அது கேட்டது. அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெரிய தந்தி வாத்தியத்தை மெல்லத் தட்டினார்கள். அந்தத் தட்டல் தரையில் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. காலுக்குக் கீழே வந்து நின்றது, அவ்வளவுதான். சத்தம் அதிகமில்லை. நாளெல்லாம் மோட்டார் கீச்சிடும் என் காதுக்குள் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டது போல இருந்தது. எனக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. நன்றாக இருப்பது நன்றாக இருக்கிறது என்று தெரிய இசை தெரிய வேண்டியதில்லை.

இவர் வேலையை ஆரம்பித்தார். டார்ச் அடித்தார். ரப்பர் ஓரம் புதிது போல இருந்தது. வரிசை எண் பார்த்தார். அடுத்தடுத்த எண்கள். வலது பக்கத்து ஒயரை இடது பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார். சப்வூஃபரில் காதை வைத்தார். கப்சிப். இரண்டு ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் கூம்பையும் விரல்களால் மெதுவாக அமுக்கி விட்டார். உள்ளே கம்பிச்சுருள் உரசினால் சொரசொரவென்று கேட்கும் என்று முதல் வீட்டில் எனக்குச் சொல்லிக் காட்டியிருந்தார். நான் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தேன். கூம்பு வெண்ணெயில் போவது போல உள்ளே போய் வெளியே வந்தது.

அவர் முகம் சுருங்கத் தொடங்கியது. மறுபடி அமுக்கினார். மறுபடி டார்ச். நெற்றியில் வியர்த்துவிட்டது. காலையில் சீட்டியடித்த மனிதர், குறை கிடைக்காமல், கூட்டத்தில் பர்ஸைத் தொலைத்தவர் மாதிரி முழித்தார். கடைசியில் எழுந்து நின்று நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"உரசுது" என்றார்.

மருந்துக் கடைக்காரர் புரியாமல் பார்த்தார். "என்னது?"

"வலது பக்கம். உள்ள கம்பிச்சுருள் உரசுது. இப்ப லேசாத்தான் இருக்கு, போகப்போக ஜாஸ்தியாகும். நீங்க கேக்குற விலையில பாதி கூடப் போகாது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"பழகின காதுக்குக் கேக்காது சார்."

வாசற்படியிலிருந்து வக்கீலம்மா சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? இதை வச்சுக்கிட்டு ராத்திரி பகலா என்ன கேட்டாராம்? உரசுறதையே கேட்டிருக்கார்!"

அந்த மனிதர் மண்டியிட்டு உட்கார்ந்தார். வழுக்கைத் தலையை ஸ்பீக்கரோடு ஒட்டி, ஒரு விரலால் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். "ஆமா... ஏதோ... இருக்குற மாதிரிதான்..." என்றார். இல்லாத சத்தம் அவருக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. சொந்தக் காதை நம்பாமல் எவனோ வழிப்போக்கன் சொன்னதை நம்புகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்த எரிச்சல் அவரோடு நிற்காமல் என்னிடமும் வந்தது. என் மகள் கண்ணாடி முன்னால் நின்று மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள், பள்ளிக்கூடம் போகிற வயதில். இதே மாதிரி, மறுபடி மறுபடி.

"ஒண்ணும் உரசல" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். இவர் கண்ணால் என்னை அதட்டினார்.

"நானும் பக்கத்துலதான் இருந்தேன். சுத்தமா இருக்கு. நாங்க காலையில பாத்தது உரசிச்சு, இது உரசல. இவருக்குக் குறை கிடைக்கல, அதனால இல்லாததைச் சொல்றார்."

வக்கீலம்மாதான் முதலில் பேசினார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. காது இருக்கு."

அவர் வாசற்படியை விட்டு உள்ளே வந்தார். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, தானே கூம்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். கோர்ட்டில் எத்தனையோ பேர் அந்தப் பார்வையில் தண்ணீர் கேட்டிருப்பார்கள்.

"பொய் சாட்சி நான் தினமும் பாக்குறேன். இவ்வளவு சொத்தையா ஒண்ணு பாத்ததில்ல" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, நாங்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக நேராகவே அவரிடம் பேசினார். "நீங்களும்தான்! யாரோ வந்து உரசுதுன்னா உடனே ஆமாவா? இத்தனை வருஷம் இதைத் துடைச்சுத் துடைச்சு வச்சீங்களே, அது என்ன வேஷமா?"

"நீதான சிரிச்சே?"

"நான் சிரிப்பேன். அதுக்காக ஒத்துக்குறதா?"

அப்படியே ஒரு சண்டை மூண்டது. சப்வூஃபர் யார் ஆசைப்பட்டு வாங்கியது, யார் தூக்கி வந்தது, யாருடைய அக்கா வந்தபோது அதன் மேல் பால் கொட்டியது என்று என்னென்னவோ வந்தது. கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் கத்திக்கொண்டார்கள். எனக்குத் தபால் வேலை மிச்சம். முடிவில் வக்கீலம்மா குனிந்து சப்வூஃபரின் மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்தார்.

"மூணையும் எடுத்துட்டுப் போங்க. அவர் சொன்ன விலை. உங்க வீட்டுக்காரர் சொல்ற விலை இல்ல. பூந்தொட்டிக்கு ஸ்டூல் வாங்கிக்குறேன்."

இவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, சப்வூஃபரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் மூச்சு வாங்க இறங்கினார். நான் உதவவில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் மருந்துக் கடைக்காரரே கொண்டுவந்து பின் சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே படியேறிப் போனார்.

கார் கிளம்பியது. திட்டுவார் என்று காத்திருந்தேன். பதில்களையெல்லாம் கூர் தீட்டி வைத்திருந்தேன். அவரோ தெரு முனை திரும்பியதும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பிரமாதம்!" என்றார். "நான் கெட்டவன் மாதிரி, நீ நல்லவ மாதிரி! சொல்லி வச்சுக்கூட இப்படி ஆட முடியாது. தராத சப்வூஃபரையும் சேத்து வாங்கிட்டோம் பாரு!"

திருமணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் பாராட்டு. அதுவும் நான் அவரைவிடத் தேர்ந்த பொய்க்காரி என்பதற்காக. செருப்பைக் கழற்றி அடித்தாலும் அதில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்து மதிப்புச் சொல்வாரோ என்னவோ.

"நான் ஆடல" என்றேன். "நீங்க பொய் சொன்னீங்க. அந்த ஆளு தன் காதையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டார். பாக்க அசிங்கமா இருந்துச்சு. நம்ம பொண்ணையும் இப்படித்தான் பண்ணுனீங்க. வெளியூர்ல படிக்கிறாளே, லீவுக்குக்கூட ஏன் வரமாட்டேங்குறான்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

அவர் தொடையிலிருந்த கை மெதுவாக ஸ்டீயரிங்குக்குப் போனது. திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டார். நான் சொல்லவில்லை. ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார்.

"கிடைக்கல" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல. ஒண்ணும் கிடைக்கலைன்னா... நான் அங்க எதுக்கு நிக்கிறேன்னே தெரியல."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ வருடம் இழுத்துப் பிடித்திருந்த வெறுப்பை ஒரு பெட்ரோல் பங்கில் எப்படி இறக்கி வைப்பது?

"வண்டியை எடுங்க" என்றேன்.

வீட்டில் அவரே எல்லாவற்றையும் தூக்கி வந்து, ஒயர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து இணைத்தார். அங்கே கேட்ட அதே பாட்டைப் போட்டார். எங்கள் கூடம் அவர்கள் கூடம் மாதிரி இல்லை. சுவர் வேறு, தரை வேறு. இருந்தாலும் அந்தப் பெண்ணின் மூச்சு வந்தது.

அவர் வாயைத் திறந்தார். ஏதோ ஒன்று நுனி நாக்கு வரை வந்தது தெரிந்தது. விழுங்கிக்கொண்டார். "எப்படி இருக்கு, நீ சொல்லு" என்றார்.

"நல்லா இருக்கு."

"ம்" என்றார். அத்தோடு சரி.

ஒரு நாள் வாயை அடக்கியதற்காக யாரையும் மன்னித்துவிட முடியாது. நாளைக்கே தம்பியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இவர் என்னென்ன அளப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து போகவில்லை. சோபாவின் மறுகோடியில் காலை மடக்கி உட்கார்ந்து, பாட்டு முடியும் வரை கேட்டேன். முடிந்ததும் இன்னொன்று போடச் சொன்னேன்.